ஒரு வேப்பங்கன்றும் ஐந்து பேர் கருணையும்

அந்தத் தையற்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. துணி தைத்தாயிற்றா என்று யார் வந்து கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். "நாளைக்கு வாங்க. காஜா மட்டும்தான் பாக்கி." பொய் சொல்ல வேண்டும் என்று சொல்பவர் அல்ல. சொல்லும்போது அவரே அதை முழு மனதோடு நம்பினார். அதனால்தான் அவர்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆனால் சட்டையும் வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் கடவுளிடம் தேதி குறித்து வாக்குக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை ஸ்ட்ரெச்சரோடு ஓடியவர், கதவு மூடும் நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவனே, இவள நல்லபடியா வெளிய அனுப்பிடு. ஒரு வருஷத்துக்குள்ள இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு மரம் வெச்சு வளத்துக் காட்டறேன்" என்று வேண்டிக்கொண்டார். ஏன் மரம்? அன்று காலையிலிருந்து வாசலில் காத்துக்கிடந்த நாற்பது பேருக்கு ஒதுங்க ஒரு கைக்குட்டை அளவுகூட நிழல் இல்லை. மண்டை காய்ந்துபோயிருந்த நேரத்தில் மரம்தான் நினைவுக்கு வந்தது.

கடவுள் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுத்தார். மனைவி பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, பதினோராம் நாள், அவர் கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி கழுவினாள். இனி பாக்கி இவர் பக்கம்தான். இந்த வேண்டுதலைப் பற்றி மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால், "கடவுளுக்கும் தேதி சொல்லிட்டீங்களா" என்று கேட்பாள்.

மரம் நடும் வழி தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை மரக்குழுவில் போய்ச் சேர்ந்தார். குழுவின் தலைவி மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். கன்று கொடுக்கும்போதுகூட அவருக்கு மருந்துச் சீட்டின் ஞாபகம்தான். "ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில ஒரு வேளை, ஒரு குடம். புரியுதா?" குழுவுக்கு இரண்டு சட்டங்கள். முதல் சட்டம், அவரவர் கன்றுக்கு அவரவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடுத்தவர் கன்றைத் தொடக்கூடாது. "எல்லாரும் ஊத்துவாங்கன்னு எல்லாரும் நெனைப்பாங்க. கடைசியில ஒருத்தரும் ஊத்த மாட்டாங்க" என்பது தலைவியின் அனுபவம். இரண்டாவது சட்டம், மூன்று கன்றைச் சாகவிட்டவருக்கு நாலாவது கிடையாது. அவர் குழி வெட்டும் கோஷ்டிக்குப் போய்விட வேண்டியதுதான்.

தையற்காரரின் முதல் கன்று பிளாஸ்டிக் பையோடு மண்ணுக்குள் போய்விட்டது. புதுச் சட்டையைக் கவரோடு கொடுத்துப் பழகிய கை. இரண்டாவது கன்று பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் மாட்டிக்கொண்டது. முந்நூறு சீருடைகளுக்கு நடுவில் அதனிடமும் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நின்றது.

மூன்றாவது ஒரு வேப்பங்கன்று. ஆஸ்பத்திரி வாசலுக்கு வலப்பக்கம் நட்டார். வருடம் முடிய இரண்டரை மாதம் இருந்தது. ஆர்டர் நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். பெயர் என்ற இடத்தில் 'மேலே இருப்பவர்' என்று எழுதினார். அளவு: உயரம் இருபத்துநாலு அங்குலம். டெலிவரி என்ற இடத்தில், மனைவி வருடாந்தரப் பரிசோதனைக்கு வரவேண்டிய தேதி. இந்த ஒரு ஆர்டராவது சொன்ன தேதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம். வேண்டியதை வாங்கிக்கொண்டு கொடுக்கவேண்டியதைக் கொடுக்காதவனாகப் போய்விடுவோமோ என்று சாமி கும்பிடும்போதுகூட மேலே நிமிர்ந்து பார்க்கக் கூசினார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு, ஒரு குடம். ஒரு முறைகூடத் தவறவில்லை. ஊற்றிவிட்டுக் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து உயரம் அளந்து குறித்துக்கொள்வார். மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நாலாவது வாரம் அடி இலை மஞ்சளானது. பிறகு அதற்கு மேல் இலை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவி அவரைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"டெய்லரே, மறைக்காம சொல்லுங்க. ஊத்தறீங்களா, இல்ல நாளைக்குன்னு விட்டுடறீங்களா?"

"ஐயோ, தவறாம ஊத்தறேம்மா."

"சரி, சரி" என்று தலைவி பரிவோடு தலையாட்டினார். பக்கத்தில் கடப்பாரையோடு நின்ற, ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்திருக்கும் பழக்கடைக்காரரும் அதேபோலத் தலையாட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தத் தலையாட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் வாடிக்கையாளர்களிடம் சொன்ன சொல்லெல்லாம் சேர்ந்து வந்து அன்று யாரும் அவரை நம்பவிடாமல் செய்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை காலை குடத்தோடு குனிந்தபோது அவருடைய செருப்பு சேற்றில் புதைந்தது. குடம் இன்னும் சாயவில்லை. முந்தின நாள் அவருடைய முறையும் இல்லை. பின் இந்தச் சேறு எங்கிருந்து வந்தது? குழாய் எங்காவது உடைந்திருக்குமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழாயே அந்தப் பக்கம் இல்லை.

கடைக்கு வந்து கதவில் 'இன்று விடுமுறை. நாளைக்கு' என்று எழுதி மாட்டினார். அந்தச் சொல்லை அவர் எழுதியதில் அது ஒன்றுதான் அப்பட்டமான உண்மை. நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், காத்திருப்போர் கூடத்தில் கண்ணாடிச் சன்னலை ஒட்டிய நாற்காலியில், ஒரு பழைய வாரப்பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு வாசல் காவலாளி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஒரு வாளித் தண்ணீரைக் கன்றின் தலையில் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய் நின்றார்.

பத்து மணிக்குத் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வந்தாள். வாளியை இரண்டு முறை அலசி, நல்ல தண்ணீர்தானா என்று மோந்து பார்த்து, பிறகு ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "குடிச்சுக்கடா கண்ணு. அந்தாளு நாளைக்குத்தான் வருவாரு" என்று இலையைத் தடவிக் கொடுத்தாள். சன்னல் திறந்திருந்ததால் தையற்காரருக்கு அது தெளிவாகக் கேட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பழக்கடைக்காரர். திராட்சை கழுவிய தண்ணீரை ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். குழுவின் சட்டம் தெரிந்தவர் என்பதால் முதலில் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்தார். குனிந்தபடியே பாத்திரத்தைச் சாய்த்தார்.

தையற்காரர் பத்திரிகையை மடியில் போட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கன்று தாகத்தில் சாகவில்லை. நல்ல மனிதர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்கு, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக அவர் மனைவி வந்தாள்.

அவர் எழுந்தே விட்டார். அவள் பாட்டிலைக் காலிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கணவரைப் பார்த்தாள். உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடையில இல்லாம இங்க என்ன பண்றீங்க?"

"நீ இங்க என்ன பண்ற?"

"உங்க வேண்டுதலுக்குத் தண்ணி ஊத்தறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசுக்குள்ள வேண்டிக்கிட்டதா நெனச்சிட்டிருக்கீங்களா? அன்னிக்கு நீங்க வேண்டிக்கிட்டது வராந்தா முழுக்கக் கேட்டுச்சு. மயக்க மருந்து குடுக்கற டாக்டரு, 'உங்க வீட்டுக்காரர் மரம் வெக்கப் போறாராம்மா'ன்னு சொல்லிக்கிட்டேதான் ஊசி போட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் தூங்கினேன்." சற்று நிறுத்தி, "அதனாலதான் எனக்குப் பயமே தெரியல" என்றாள்.

தையற்காரர் காலையிலிருந்து பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கடைக்காரரின் செருப்புக் கதைக்கு வந்தபோது பொத்தியும் பயனில்லை. எதிரே கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

"இப்பவே போய் எல்லாரையும் நிறுத்தச் சொல்றேன்" என்று அவர் கிளம்பினார்.

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நல்லது பண்றோம்னு வந்தவங்கள, நீங்கதான் கொன்னீங்கன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் அடுத்த தடவ யாருக்கும் தண்ணி ஊத்தவே கை வராது."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. உதவ வரும் கையைத் தட்டிவிடுவது சுலபம். அது மறுபடி நீள வெகுநாள் ஆகும். அவருக்காகக் கடைக்கு அவள் எடுத்து வந்திருந்த சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, வேறு யார் வருகிறார்கள் என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இறங்கியவர், பெட்டியிலிருந்து இரண்டு பெரிய பாட்டில்களை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கன்றில் ஊற்றினார். ஹெல்மெட் போட்டால் அடையாளம் தெரியாது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. ஆனால் ஸ்கூட்டரின் முன்னால் மருந்துக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சட்டம் போட்டவங்களே வந்துட்டாங்க" என்றாள் மனைவி.

தையற்காரர் வெளியே போனார். தலைவி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். 

"வந்து... உங்க வேலைப்பளு எனக்குத் தெரியுமே. அதான்" என்றார் தலைவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"ரொம்ப நன்றிம்மா. எனக்கு இன்னொரு உதவியும் வேணும். நாலு கன்னு குடுங்க."

"ஒண்ணையே..." என்று ஆரம்பித்த தலைவி, அவர் காட்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்கச் சேறு. மருந்துக்கடைக்காரர் ஆயிற்றே, சட்டென்று புரிந்துகொண்டார். "ஓவர் டோஸ்" என்று முணுமுணுத்தார். "எத்தன பேரு?"

"என்னையும் சேத்து ஆறு."

தலைவி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் நிற்பதுபோல ஒரு நிமிடம் நின்றார்.

மறுநாள் தையற்காரர் ஒவ்வொருவரிடமும் போனார். குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணே, இந்த வாசல்ல ஒரு மரம் நின்னா நிழல் பத்தாது. இன்னும் கொஞ்சம் வெக்கணும். ஒண்ண நீங்க பாத்துக்கறீங்களா?" என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளி தொப்பியைச் சரி செய்துகொண்டு, "நானா?" என்றார். அவரை யாரும் அதுவரை எதற்கும் பொறுப்பாக்கியதில்லையாம், கேட்டைத் தவிர. துப்புரவு அக்கா, "எனக்குன்னு பேரு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள். அன்றே துணியில் தைத்துக் கொடுத்தார். பழக்கடைக்காரர், "என்ன அண்ணே, உங்க கன்னு அப்படிக் கெடக்கு, நீங்க என்னடான்னா" என்று இழுத்தார். இழுத்துக்கொண்டே குழி எங்கே என்று கேட்டார். நாலாவது கன்று தலைவிக்கு. அவருக்கென்று ஒரு கன்று இத்தனை நாளும் இருந்ததில்லை, மற்றவர்கள் கன்றைக் கணக்கெடுக்கும் நோட்டுதான் இருந்தது.

நாலு குழியையும் தையற்காரரே வெட்டினார். குழி வெட்டும் கோஷ்டிக்குத் தகுதியானவர் என்று நிரூபித்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

தம் கன்றைச் சுற்றியிருந்த சேற்றை அள்ளிவிட்டு மணல் போட்டார். அதற்குப் பிறகு தலைவி எழுதிக் கொடுத்த மருந்துதான் கடினமானது: ஒன்றும் செய்யக்கூடாது. தண்ணீர் கிடையவே கிடையாது. காலை ஆறு மணிக்குக் காலிக் குடத்தோடு வந்து நிற்பார். மற்ற நாலு கன்றும் தண்ணீர் குடிக்கும். இவருடையது ஒவ்வோர் இலையாக உதிர்க்கும். ஊற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். அளந்துவிட்டு வீட்டுக்குப் போவார். இருபத்துநாலு. இருபத்துநாலு. இருபத்துநாலு.

பரிசோதனை நாள் வந்தது. மனைவிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, இனி அடுத்த வருடம் வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். வாசலில் அவருடைய கன்று ஓர் இலைகூட இல்லாமல் குச்சியாக நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் நாலு கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன.

தையற்காரர் ஆர்டர் நோட்டைத் திறந்து தேதியைப் பார்த்தார். "அவரு சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு. நான்தான்..." என்றார்.

"கடவுளும் உங்க வாடிக்கையாளர்தானே. ரெண்டு தடவ அலையாம யாருக்குத் துணி குடுத்திருக்கீங்க?" என்றாள் மனைவி. பிறகு குச்சியின் அடியில் எதையோ உற்றுப் பார்த்தாள். முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "ஏங்க, அந்த டேப்ப எடுங்க."

மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே, பட்டையைப் பிளந்துகொண்டு செப்பு நிறத்தில் ஒரு துளிர். அவர் அளந்தார். கால் அங்குலம்கூட இல்லை. நம்ப முடியாமல் இன்னொரு முறை அளந்தார். நோட்டில் எழுதிவிட்டு, அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

சேதி பரவ ஐந்து நிமிடம் ஆகவில்லை. காவலாளி கேட்டை விட்டுவிட்டு வாளியோடு வந்தார். துப்புரவு அக்கா வாளியை அலசிக்கொண்டே வந்தாள். பழக்கடைக்காரர் பாத்திரத்தோடு. தலைவி ஹெல்மெட் இல்லாமலேயே, இரண்டு பாட்டில்களோடு. எல்லாரும் குச்சியைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் அந்தத் துளிரையே பார்த்தார்கள்.

"பாவம், பச்சப்புள்ள. ஒரு வாய் ஊத்தலாமா அண்ணே?" என்று கேட்டாள் அக்கா.

தையற்காரர் இரண்டு கைகளையும் விரித்து, கன்றுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நாளைக்கு" என்றார்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வாளிகளை எடுத்துக்கொண்டு, அவரவர் கன்றைப் பார்க்கப் போனார்கள்.