இரண்டாவது நகல்

அத்திபெலே எடை மேடையின் கணினியில் மதர்போர்டு கருகிப்போயிருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. எடைச் சீட்டு அடிக்கும் மென்பொருள் அதில்தான் இருந்தது. செய்து கொடுத்தவர் கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. மறுபடி நிறுவ வழியில்லை. பழைய விண்டோஸை அப்படியே வேறு கணினிக்கு மாற்றியாக வேண்டும்.

மாலை வகுப்பில் வன்பொருள் படித்துக்கொண்டே பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் இளவேனில், இதைத் தனியாகச் செய்ததில்லை. முதலில் தன் லேப்டாப்பில் டிஸ்க்கை நகலெடுக்க உட்கார்ந்தாள். வெளியே தக்காளி லாரிகள் வரிசை கட்டின. இருக்கிற டிஸ்க்கையே மாட்டினால் என்ன என்று எடை மேடையின் உரிமையாளர் முனிகிருஷ்ணன் கேட்டார். இருப்பது அது ஒன்றுதான், ஏதாவது ஆனால் மீட்க முடியாது, வேண்டாம் என்றாள்.

நகலைப் புதிய கணினியில் மாட்டினாள். விண்டோஸ் சின்னம் வந்தது. உடனே நீலத் திரை. மறுபடியும் அதே. எதை விட்டுவிட்டோம் என்று முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முந்தைய நிலைக்குத் திருப்பட்டுமா என்று திரை கேட்டது. அவள் தோளுக்கு மேலிருந்து நீண்ட முனிகிருஷ்ணனின் விரல் என்டரைத் தட்டியது.

"அதுவே சரி பண்றேங்குதில்ல? பேக, சீக்கிரம் முடியட்டும்மா."

முடிந்தபோது சின்னம்கூட வரவில்லை.

"போச்சா?" என்றார். முகம் வெளிறிவிட்டது.

"இது காப்பிதாண்ணா. ஒரிஜினல் பத்திரமா இருக்கு. ஆனா திரும்ப எடுக்கணும், ஒரு மணி நேரம் ஆகும்."

அவர் வெளியே போனார். வரிசையில் முதலில் நின்ற டிரைவர் பெருமாள்சாமியின் குரல் கேட்டது.

"தக்காளி வெயில்ல சட்னியாகுது ஓனரே. ஓசூர்லயே எடை போட்டுக்கவா?"

முனிகிருஷ்ணன் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். பின்னால் நின்ற இரண்டு லாரிகள் திரும்பிப் போயின. பெருமாள்சாமி போகவில்லை.

நகல் ஓடும்போது இளவேனில் புதிய கணினியின் அமைப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். டிஸ்க்கோடு பேச அது புதிய முறையை வைத்திருந்தது. பழைய விண்டோஸுக்கு அந்த முறை தெரியாது. பழைய முறைக்கு மாற்றினாள். இதுவும் இல்லையென்றால் அவளிடம் வேறு யோசனை இல்லை.

இரண்டாவது நகலை மாட்டியபோது முனிகிருஷ்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். சின்னம் வந்தது. நீலத் திரை வரும் இடமும் கடந்தது. மென்பொருள் திறந்தது. எடை மேடையின் ஒயரைச் செருகிவிட்டு, லாரியை மேடைமேல் ஏற்றச் சொன்னாள்.

திரையில் எண் ஏறியது. மேடையின் எடை காட்டும் பெட்டியில் ஒளிர்ந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. சீட்டு அடித்தது. முனிகிருஷ்ணன் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். இளவேனில் நாற்காலியை விட்டு எழவில்லை. லாரி இறங்கி, திரையில் எண் குறைந்து சுழியில் நின்ற பிறகுதான் மூச்சு விட்டாள்.