தாம்பூலப் பைக்கு ஒட்டுத்துணி

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம், அதில் கொடுத்த தாம்பூலப் பைகளை ஜனங்கள் கடைக்குத் தூக்கிப்போகும் வரைதான் நிற்கும். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் அச்சடித்த துணிப்பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டுக் கொடுப்போம். வாங்கிப் போகிறவர்கள் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்துவிட்டு, மறுநாளிலிருந்து அந்தப் பையோடு சந்தைக்குப் போவார்கள். போகப் போகக் கல்யாணம் உறுதிப்படும். அதனால் இங்கே யாரும் வெறுங்கையோடு கடைக்குப் போய்க் கவர் கேட்பதில்லை. வண்டிச் சாவியை மறப்பார்கள், பையை மறக்க மாட்டார்கள். எதற்கு ஒரு குடும்பத்தின் பாவத்தைக் கொட்டிக்கொள்வது?

பையில் போவது குடும்பத்திலும் கொஞ்சம் தெரியும். என் மனைவி வளர்மதி காலையிலேயே காரணமில்லாமல் சிடுசிடுத்தால், எங்கள் பையில் யாரோ பாகற்காய் வாங்குகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவேன். அரிசி மாதிரி கனமாக ஏற்றினால் இரண்டு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். துவைத்து வெயிலில் காயப்போட்டால் அன்றைக்கு எங்களுக்குள் ஒரே சிரிப்புதான்.

தப்பு என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், துணிப்பை எல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று சொல்லி, எங்கள் போட்டோ போட்ட பளபளப்பான பிளாஸ்டிக் கவரைத்தான் அடிக்கக் கொடுத்தேன். மாமனார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் அவர் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் துணிப்பை என்று முடிவானது. கவர்கள் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்த மழைக்குச் சாக்கடையை அடைத்துக்கொண்டு நானும் வளர்மதியும் மாலையும் கழுத்துமாகச் சிரித்தபடி கிடந்தோம். ஒருவர் கம்பியால் எங்களைக் குத்தி எடுத்தார். துணிப்பைகள் பத்து வருஷம் உழைத்தன, பாவம். பிறகு ஒன்று கிழிந்தது, ஒன்று அடுப்படியில் கரித்துணியானது, இப்படியே குறைந்துகொண்டு வந்தன.

போன மாதம் வளர்மதி என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். சாப்பாடு போட்டுவிட்டு, சாருக்கு எந்த ஊர், வீட்டில் தேட மாட்டார்களா என்று விசாரித்தாள். பதினோரு வருஷம் என்னோடு சண்டை போட்டவள், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் நீட்டுகிறாள். அதைவிடக் கொடுமை உண்டா?

விசாரித்ததில், எங்கள் பை ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்தது. அது அருள்மணியிடம் இருந்தது. வளர்மதிக்குத் தூரத்துச் சொந்தம், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஒண்டிக்கட்டை. அவர் வீட்டுக்குப் போனேன். 'நல்லசாமி – வளர்மதி' என்று மங்கிப்போன எழுத்தோடு பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அருள்மணி இப்போதெல்லாம் சந்தைக்கே போவதில்லையாம். போனை அமுக்கினால் தக்காளி ஒரு கவரில், பச்சைமிளகாய் ஒரு கவரில், கறிவேப்பிலை தனியாக ஒரு கவரில் வீட்டுக்கே வந்துவிடுகிறதாம். அதைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன்.

பையை வாங்கி நானே தூக்கலாம்தான். ஆனால் அவரவர் கல்யாணப் பையை அவரவர் தூக்கினால் செல்லாது. போன வருஷம் எங்கள் பைகளிலேயே வேறொன்றை ஒரு வாரம் தூக்கிப் பார்த்தேன், தோள் வலித்ததுதான் மிச்சம்.

நயமாகப் பேசிப் பார்த்தேன். சந்தை பக்கம்தான், காலையில் நடந்தால் உடம்புக்கும் நல்லது, வீட்டில் இவ்வளவு கவர் சேர்ந்தால் எங்கே கொண்டு போடுவீர்கள் என்றெல்லாம் சொன்னேன். மனுஷன் மசியவில்லை. கடைசியில் மானத்தை விட்டுச் சொன்னேன்.

"வீட்ல என்னைய சார்ங்கறாங்கண்ணா."

அருள்மணி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

"வண்டி கத்துக்க வர்றவங்க என்னைய நாள் பூரா அப்படித்தானுங்க கூப்பிடறாங்க. வீட்டுக்குப் போயும் அதையே கேக்கறது கஷ்டந்தான்" என்றார்.

இனி தினமும் பையோடு நடந்தே சந்தைக்குப் போவதாகவும், பாகற்காய் பக்கமே திரும்புவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பையை எடுத்துப் பார்த்தால் அடியில் எலி கடித்து, என் பெயருக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தனக்குத் தைக்கத் தெரியும் என்று அருள்மணியே ஊசி நூலை எடுத்தார். ஒட்டுப்போட இன்னொரு பழைய பை இருந்தது. அது எந்த வீட்டு விசேஷத்தில் கொடுத்தது என்று பார்த்துவிட்டு வெட்டலாமா என்று கேட்டார். இருந்த அவசரத்தில், துணியாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அருள்மணி அந்தப் பை நிறைய தக்காளியும் முருங்கைக்காயுமாகச் சந்தையிலிருந்து நடந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். வளர்மதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏனுங்க, காலங்காத்தால எங்க போய்த் தொலஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காது குளிர இன்னும் நாலு வார்த்தை திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளே ஆட்கள் வந்திருக்கிறார்கள், முகம் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

கூடத்தில் அறுபது வயதில் ஒல்லியாக ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டுகளில் மாலை, புதுச்சட்டை, காப்பரிசி. பக்கத்தில் ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒட்டுத்துணி ஒரு காதணி விழாப் பையிலிருந்து வெட்டியது என்றும், தான் அந்த விழாவின் தாய்மாமன் என்றும் பெரியவர் சொன்னார். ஒட்டு என் பெயருக்குக் கீழே விழுந்ததால் காது குத்தும் முறை எனக்குத்தான். காங்கேயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாராம். அளவு தெரியாததால் சட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாராம். வளர்மதி அதை என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கும் என்றாள்.

மொட்டை அடித்தாகிவிட்டதா என்று மாமா கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பரவாயில்லை, முதலில் காதைக் குத்திவிடலாம் என்றார்.

வளர்மதி ஒரு கை காப்பரிசியை அள்ளி என் வாயில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சந்தானுங்க வலிக்கும். என்னையவே பாத்துட்டிருங்க."

மாமா தொடையைத் தட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் மடியில் ஏறி உட்கார்ந்தேன்.