பச்சை படிந்த இருபது காசு

ஆடி பிறந்ததும் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டிமீனா நாணய ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மைத்ரேயி சமையலை முடித்துவிட்டுச் சாவகாசமாக அதைத் திறந்தாள். மூன்றாவது பக்கத்தில் அவள் கை நின்றது.

அந்தப் பக்கத்தில்தான் இருபது காசு இருந்தது. 1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அடித்த செப்புக்காசு. ஒருபுறம் கேடயத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு சிங்கங்கள், மறுபுறம் பாரசீக எழுத்து. வாங்கும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் வழுவழுவென்று, சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும்படி இருந்தது. இப்போது அது மங்கிக் கிடந்தது. சிங்கத்தின் முகம் தெளிவாக இல்லை. ஓரங்களில் பச்சை ஏறியிருந்தது.

"இங்க வந்து பாருங்களேன்" என்று கணவனைக் கூப்பிட்டாள். ஸ்ரீராம்குமார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தான்.

"இது நம்ம காசுதானா?"

"அதான் எனக்கும் தெரியல."

"அவ தம்பி இப்போ அலங்காநல்லூர்ல பழைய சாமான் யாவாரம் பண்றான்னு சொன்னியே?"

மைத்ரேயி ஆல்பத்தை மூடி வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மைத்ரேயியும் பாண்டிமீனாவும் ஒரே அரசு அலுவலகத்தில், ஒரே பிரிவில், அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்ப்பவர்கள். பேரையூர்ப் பக்கம் கரிசலில் உழும்போது கிடைத்தது என்று பாண்டிமீனா ஒருநாள் ஒரு காலணாவைக் கொண்டுவந்து காட்டியதில் தொடங்கியது இந்தப் பைத்தியம். பிறகு இருவரும் சேர்ந்தே நாணயக் கண்காட்சிகளுக்குப் போனார்கள், சேர்ந்தே வாங்கினார்கள். நல்ல காசு ஒன்றைத் தனியாக வாங்க இருவருக்குமே கட்டுப்படியாகாது. அதனால் தொகுப்பு பொதுவில் இருந்தது. தை முதல் ஆடி வரை ஒரு வீடு, ஆடி முதல் தை வரை மறு வீடு. ஆண்டுக்கணக்காக இப்படித்தான் நடந்துவந்தது. ஆல்பத்தால் இருவருக்குள்ளும் ஒருமுறைகூடப் பேச்சு வந்ததில்லை.

மறுநாள் மைத்ரேயி அந்தக் காசைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைக்குப் போனாள். அவர்கள் தராசில் வைத்துச் சொன்ன எடை ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு நிம்மதி வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஸ்ரீராம்குமார் சிரித்தான்.

"எடையைப் பார்த்துத்தானே போலி பண்ணுவா?"

நிம்மதி போய்விட்டது.

அதன்பிறகு அலுவலகத்தில் பாண்டிமீனா எது செய்தாலும் மைத்ரேயியின் கண்ணில் பட்டது. போன் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போகிறாள். யாரிடம் பேசுகிறாள்? வெள்ளிக்கிழமை அனுமதி கேட்டுச் சீக்கிரம் கிளம்புகிறாள். எங்கே? சாப்பிடும்போது, "காசெல்லாம் எப்படி இருக்கு மைத்து?" என்று கேட்டாள். ஒருநாளும் கேட்காதவள் இன்றைக்கு ஏன் கேட்கிறாள்? "நல்லாருக்கு" என்று மைத்ரேயி சொன்னபோது பாண்டிமீனா ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

இன்னொரு நாள் மைத்ரேயி பின்னாலிருந்து வந்தபோது பாண்டிமீனாவின் போனில் இருபது காசின் படம் பெரிதாகத் தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மைத்ரேயி ஒரு பொய் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றார் மீனா. பழைய நாணயம் பத்தி நல்லாத் தெரிஞ்சவர். நம்ம இருபது காசை அவர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்."

பாண்டிமீனா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எதுக்கு?"

"சும்மாதான். அசலான்னு பார்க்க."

"வரட்டும்" என்றாள் பாண்டிமீனா. "அவரு பாக்குறப்ப நானும் கூட இருக்கேன்."

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது மைத்ரேயிக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. குற்றம் இல்லாதவள் ஏன் கூட இருக்க வேண்டும்?

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஆல்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவள் கோரிப்பாளையத்துக்குக் கிளம்பினாள். ஏ.வி. பாலத்தைத் தாண்டியதும் மேம்பால வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருந்ததில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தாள். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் பாண்டிமீனாவின் வீடு. கதவைத் திறந்த பாண்டிமீனா, அவள் முகத்தையும் தோளில் இருந்த பையையும் பார்த்தாள்.

"வா. உள்ள வா. தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம். மீனா, ஒண்ணு கேக்கணும்." மைத்ரேயி ஆல்பத்தை எடுத்து மூன்றாவது பக்கத்தை விரித்தாள். "இது நாம வாங்கின காசுதானா?"

பாண்டிமீனா கோபப்படவில்லை. அழவில்லை. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மெட்ராஸ்காரரு வரல, இல்ல?"

மைத்ரேயிக்கு முகம் சுட்டது. "வரல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்." பாண்டிமீனா போனை எடுத்து நீட்டினாள். "பாரு. ஒவ்வொரு தடவயும் நீ கைல குடுத்த அன்னைக்கு எடுத்தது. பெறகு நான் உங்கிட்ட திருப்பிக் குடுத்த அன்னைக்கு எடுத்தது. ஒரு காசு விடாம, ரெண்டு பக்கமும்."

மைத்ரேயி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இருபது காசின் விளிம்பில், சிங்கத்தின் வாலுக்குக் கீழே நகக்கீறல்போல ஒரு வெட்டு. எல்லாப் படத்திலும் அது இருந்தது. ஆல்பத்தில் இருந்த காசைப் புரட்டினாள். அதே இடத்தில் அதே வெட்டு. இத்தனை நாள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் இதைப் பார்க்கவில்லை.

"அப்போ பச்சை?"

இருவரும் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு பழைய படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தார்கள். முதலில் காசுகளைத் தனித்தனிக் காகித உறையில் வைத்திருந்த காலம். அந்தப் படங்களில் மாற்றமே இல்லை. அதன்பிறகு ஆல்பம் வந்தது. மைத்ரேயி வீட்டில் இருந்துவிட்டு வந்தபோது விளிம்பில் மெல்லிய பச்சை. பாண்டிமீனா வீட்டில் இருந்து போனபோது இன்னும் கொஞ்சம். எந்த வீடு என்றில்லாமல் அது ஏறிக்கொண்டே வந்திருந்தது.

மைத்ரேயி ஆல்பத்தின் பக்கத்தை விரலால் தடவினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். புது மழைக்கோட்டு வாடை. காசைச் செருகியிருந்த பிளாஸ்டிக் பையின் உட்புறத்திலும் வட்டமாகப் பச்சை படிந்திருந்தது.

"இந்த பிளாஸ்டிக்தான்" என்றாள். "மதுரை வெயில்ல இது இளகிச் செம்பைத் தின்னுருக்கு. ஐயோ மீனா, இந்த ஆல்பத்தை வாங்கினதே நான்தான். நல்லா பத்திரமா இருக்கட்டும்னு வாங்கினேன்."

"எனக்கும் தோணல. பச்ச ஏறுறதப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு காசெல்லாம் எப்படி இருக்குன்னு உங்கிட்ட கேட்டேன். நானும் இதையேதான் வருசக்கணக்கா பூட்டிப் பூட்டி வச்சேன்."

பிறகு மைத்ரேயி கேட்டாள், "இவ்வளவு படம் எடுத்து வெச்சிருக்கியே. என்மேல உனக்குச் சந்தேகமா?"

"உம்மேல என்ன சந்தேகம்?" பாண்டிமீனா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பேரையூர்ல எங்கய்யா வேல பாத்த வீட்டுல ஒரு செம்பு காணாமப் போனா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் ஆளு வரும். பானையெல்லாம் உருட்டித் தேடுவாக. பெறகு அது அவுக கெணத்தடியிலயே கெடக்கும். யாரும் வந்து கெடச்சிருச்சுன்னு சொல்ல மாட்டாக. அதான். என்னைக்காவது ஒண்ணு கொறஞ்சா யாரக் கேப்பாகன்னு எனக்குத் தெரியும். நீ கேக்க மாட்டன்னுதான் நெனச்சேன். இருந்தாலும் எடுத்து வச்சேன்."

மைத்ரேயியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் மீனா" என்றாள்.

"ம்" என்றாள் பாண்டிமீனா.

அடுத்த வாரம் இருவரும் கல்லூரி ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசுகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார்கள். தேய்க்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பச்சைப் பிசின் கரைந்து திரவத்தில் இறங்கியது. இருபது காசின் சிங்கத்துக்குப் பிடரி திரும்பி வந்தது. இரண்டு அரையணாக்கள் மட்டும் உள்ளே அரித்துக் குழி விழுந்துவிட்டன. அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நன்றாக உலர்ந்தபின், ஓரத்தில் மட்டும் பிடித்து, பழையபடி காகித உறைகளில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தார்கள்.

"இனிமே இது உன் வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் மைத்ரேயி. "எப்பவும்."

"வேணாம். பிரிச்சுக்குவோம்."

"மீனா..."

"கோவமெல்லாம் இல்ல மைத்து. என்னால இனிமே படம் புடிக்க முடியாது. அம்புட்டுத்தான்."

மேஜைமேல் பரப்பி, நீ ஒன்று நான் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். இருபது காசை மைத்ரேயி அவள் பக்கம் நகர்த்தினாள். பாண்டிமீனா மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எடுத்து உறையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் ஸ்ரீராம்குமார், "என்ன, மாத்திட்டாளா?" என்று கேட்டான்.

"நம்ம ஆல்பம்தான் கெடுத்திருக்கு. அவளை அப்படிச் சொன்னது தப்பு."

"நான் எங்க சொன்னேன்? தம்பி யாவாரம் பண்றானான்னுதானே கேட்டேன்" என்றான் அவன். மைத்ரேயி அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் தமுக்கம் மைதானத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வந்தது. போகலாமா என்று பாண்டிமீனாதான் கேட்டாள். சேர்ந்தே போனார்கள். ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கொரு காசு பிடித்திருந்தது.

"ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுரவாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தனித்தனியா போடுங்கண்ணே" என்றாள் பாண்டிமீனா.

வெளியே வந்து இருவரும் டீ குடித்தார்கள். பஸ் வரும்வரை அலுவலகத்து மாறுதல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.