கிளச் தொடாத மத்தேயு

மத்தேயுவுக்குக் குடி இல்லை, சூது இல்லை, அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற குணமும் இல்லை. இருந்தது ஒரேயொரு குறை. மோட்டார் சைக்கிளில் கிளச் பிடிக்காமல் கியர் மாற்றுவார். இதில் என்ன குறை என்று கேட்கிறவர்கள் அவருடைய மனைவி பீற்றிஸிடம் போய்க் கேட்கலாம். அந்த வித்தையால் அவள் தன் ஒரே தம்பியோடு முகம் பார்த்துப் பேசி நாலு வருசம்.

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் போனுக்குள் காட்டிய வித்தையை மத்தேயு டச்பார் கடற்கரை வீதியில் ஓடி ஓடிப் பழகினார். அக்சிலேட்டரைக் கண்மூடித் திறக்கும் நேரம் தளர்த்தி, அந்த இடைவெளிக்குள் காலால் கியரை மாற்றிவிட வேண்டும். இடது கைக்கு வேலையே இல்லை. பழகிய மனிதர் சும்மா இருந்தாரா? மாதா கோயில் திருநாளுக்கு வந்த சனத்துக்கு நடுவில் மைத்துனன் றொனால்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். றொனால்ட் தாண்டவன்வெளியில் பைக் திருத்துகிற கராஜ் வைத்திருப்பவன். இறங்கியதும் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னான்.

“அத்தான், ஒரு வருசத்துல கியர் பொக்ஸ் நொறுங்கிப் போகும். அப்ப என்னட்டத்தான் தள்ளிட்டு வருவீங்க.”

மத்தேயு ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, வாய்ச்சண்டை முற்றி இரண்டு வீட்டுக்கும் இடையில் போக்குவரத்தே நின்றுபோனது. கியர் பொக்ஸ் ஒரு வருசத்தில் நொறுங்கவில்லை. நாலு வருசமாகியும் நொறுங்கவில்லை. மத்தேயுவின் காலில் அப்படியொரு பக்குவம். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நொறுங்கியது அக்காள் தம்பி உறவுதான்.

இப்போது மகள் றொசானிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பிள்ளையைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போகப் பீற்றிஸுக்கு மனம் வரவில்லை. மத்தேயு காணாமல் ஒளித்து ஒளித்து, றொனால்டின் மனைவி சுலக்ஷனாவுக்குப் போன் எடுத்து ஒரு ஞாயிறு பின்னேரத்தை ஒழுங்குபண்ணினாள். மத்தேயுவும் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துவிட்டு, சரி என்றார். சரி என்ற அடுத்த நாள் கிளச் கேபிள் அறுந்தது.

“ஓட்டோ ஒண்டு பிடிப்பம்,” என்றாள் பீற்றிஸ்.

“பாவிக்காத சாமான் அறுந்தா என்ன, அறாட்டி என்ன? நாலு வருசத்துக்குப் பிறகு இந்த பைக் உசிரோட அவன்ட வாசல்ல வந்து நிக்கிறத அவன் பாக்கோணும்.”

“வந்து நிக்கிறதுதானே உங்களுக்கு ஏலாது.”

அதுதான் உண்மை. ஓடுகிறவரைக்கும் கிளச் இல்லாமல் சமாளிக்கலாம். நின்றுவிட்டால், மறுபடி புறப்படுவதற்கு யாராவது பின்னால் தள்ளி, அந்த வேகத்தில் கியரைப் போடவேண்டும்.

“என்ட ஸ்கூட்டியிலயும் கிளச் இல்லதானே அப்பா, அத எடுத்துட்டுப் போங்களன்,” என்றாள் றொசானி. மத்தேயு பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டு, பைக்கைச் சரிவில் தள்ளிவிட்டாள். கல்யாணப் பெண் தள்ளிவிட, தாயும் தகப்பனும் கல்யாணம் சொல்லப் புறப்பட்டார்கள்.

கல்லடிப் பாலம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆற்றுக் காற்றில் பட்டுச்சேலை பறக்காமல் பிடித்துக்கொண்டு, பீற்றிஸ் கல்யாணக் கார்டுப் பையை மடியில் அணைத்திருந்தாள். பாலம் முடிந்த இடத்தில், கடை வாசலில், கையில் சோடாப் போத்தல் பையோடு ஒருவன் நின்றான். பைக்கைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தினான். றொனால்ட்.

“நிப்பாட்டுங்க. தம்பி நிக்கிறான்.”

மத்தேயுவுக்கும் தெரிந்தது. நிறுத்தினால் பைக் செத்துவிடும் என்பதும், பிறகு சந்தியில் நிற்கிற சனமெல்லாம் பார்க்கத் தள்ளப்போகிறவன் யார் என்பதும் தெரிந்தது. ஹோர்னை இரண்டு முறை அடித்துவிட்டு, அக்சிலேட்டரைத் தளர்த்தி, கியரை மாற்றிக்கொண்டு போனார். சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலக் கியர் விழுந்தது. பீற்றிஸ் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் கை இன்னும் இறங்கவில்லை.

றொனால்டின் வீடு ஒரு சின்னக் கோயிலுக்கு முன்னால் இருந்தது. வாசலில் பைக் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

“நீங்க வாறீங்க எண்டு சோடா வாங்கப் போனவர், மச்சாள். பாலத்தடியில காணல்லயா?” என்று கேட்டுக்கொண்டே சுலக்ஷனா கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் றொனால்ட் வந்தான். போத்தல்களை மேசையில் வைத்தான், யாரையும் பார்க்கவில்லை.

“காணல்ல மச்சான்,” என்றார் மத்தேயு.

“ஹோர்ன் அடிச்சீங்க, அத்தான்.”

பீற்றிஸ் கார்டை நீட்டினாள். றொனால்ட் இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் வைத்துவிட்டு, “பாப்பம்” என்றான். எங்கள் பக்கத்தில் கல்யாணக் கார்டை வாங்கிக்கொண்டு பாப்பம் என்றால், கல்யாணப் படத்தில்தான் பார்ப்பேன் என்று அர்த்தம்.

பீற்றிஸால் பொறுக்க முடியவில்லை. புருசனின் மானத்தைப் பார்ப்பதா, தம்பியைப் பார்ப்பதா என்று நாலு வருசம் யோசித்தது போதும் என்று தோன்றியது.

“தம்பி, கிளச் கேபிள் அறுந்து போச்சுடா. நிப்பாட்டினா திருப்பி எடுக்க ஏலா. அதுக்குத்தான் நிக்காம வந்த.”

மத்தேயு சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். றொனால்ட் அவரையே பார்த்தான். சிரிப்பான் என்றுதான் பீற்றிஸ் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“ஊராக்கள்ற பைக்கெல்லாம் தள்ளித் தள்ளித்தான் நான் சீவிக்கிறன், அத்தான். உங்கட பைக்க மட்டும் தள்ளமாட்டன் எண்டா நினைச்சீங்க?” பிறகு மெல்லச் சொன்னான்: “கேபிள் இரிக்கி. பத்து நிமிச வேல.”

“வேணாம். நான்தான் கிளச் பாவிக்கிறல்லயே.”

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். எழுந்து வெளியே போனார். பைக்கை நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி ஏறி உட்கார்ந்துகொண்டு, பின்னாலேயே வந்த பீற்றிஸைத் திரும்பிப் பார்த்தார். அவள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளத் தொடங்கினாள். வாசலில் நின்ற றொனால்டுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிவந்து அவனும் கைகொடுத்தான். கியர் விழுந்தது, பைக் பறந்தது. தள்ளிய மனைவியை ஏற்றவேண்டும் என்பது வீதி முடக்கில்தான் மத்தேயுவுக்கு நினைவு வந்திருக்கும்.

கோயிலைச் சுற்றி வந்தார். “ஏறு, ஏறு,” என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். மறுபடியும் சுற்றி வந்தார்.

“என்னகா, இவர் கோயிலச் சுத்துறது ஏதும் நேத்திக்கடனா?” என்று பக்கத்து வீட்டு மனுசி கேட்டாள்.

றொனால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீற்றிஸும் சிரித்தாள். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளுக்கு இடையில் அழுகையும் வந்தது. இந்தத் தோளைத் தொட்டு எத்தனை நாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் பைக் வந்தபோது இரண்டடி முன்னால் போய் நின்றாள்.

“நீங்க போங்க. நான் தம்பிட வீட்ட நிக்கப் போறன்.”

பைக் போனது. இந்த முறை கோயில் பக்கம் திரும்பவில்லை. பெரிய வீதிப் பக்கம் போய்ச் சத்தம் தேய்ந்தது. சொல்லிவிட்டாளே தவிர, பீற்றிஸ் வீதிக்கு இறங்கி எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு அந்த மனிதர் தனியாகப் போனால் பிள்ளைக்கு என்ன சொல்வார்? றொனால்ட் பக்கத்தில் வந்து நின்றான்.

தேய்ந்த சத்தம் மறுபடி கேட்டது. மத்தேயு மெதுவாக வந்தார். வாசலுக்கு நேரே வந்ததும், தன் கையாலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. பெற்றோல் தாங்கியைப் பார்த்தபடி கேட்டார்.

“பத்து நிமிசம் எண்டா சொன்னாய், மச்சான்?”

றொனால்ட் கேபிளோடு வந்து குந்தினான். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யக்கூடிய வேலைக்கு அன்றைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தான். மத்தேயுவும் அவசரப்படுத்தவில்லை, கேட்ட ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

“றொசானிய ஏத்திட்டுப் போற பொம்புள கார் ஆர் ஓடுற, அத்தான்?”

“இன்னும் ஆரையும் பிடிக்கல்ல.”

“அப்ப நான் ஓடுறன். ஆனா கிளச் பிடிச்சுத்தான் ஓடுவன், சொல்லிட்டன்.”

மத்தேயு அடுத்த ஸ்பானரை நீட்டினார். பீற்றிஸ் குசினிக்குள் போய், சுலக்ஷனாவிடம் இராச்சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு பேருக்கு அரிசி போடச் சொன்னாள்.