கக்கத்தில் வைத்த பாட்டில்

செவ்வாய்க்கிழமை கண் விழித்ததுமே மட்சுகுமாவுக்குத் தெரிந்துவிட்டது, உடம்பு சுடுகிறது. வேறு நாளாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பார். இன்று, வீட்டுக்கே தொட்டி கொண்டுவந்து குளிப்பாட்டும் குளியல் வண்டி வரும் நாள். போன வாரம் பனி கொட்டி வண்டி வரவில்லை. பதினான்கு நாளாக முதுகில் தண்ணீர் படவில்லை. காய்ச்சல் முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் தொட்டியில் இறக்கமாட்டார்கள்.

இடுப்புக்குக் கீழே செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபின் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து முறிந்த இடுப்பு. மனைவியும் போய்ச் சேர்ந்தாள். நகராட்சிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. சோறு வைக்க ஒருத்தி வருவாள், துணி மாற்ற ஒருத்தி வருவாள். கையுறை போட்ட கை, பத்து நிமிஷம், அடுத்த வீடு. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மூன்று பேர் சேர்ந்து அவரைத் தூக்குவார்கள்.

காலையில் வந்தவள் குளிர்ந்த பார்லித் தேநீர் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அதை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்தப் பக்கம்தான் எப்போதும் சூடு பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

வண்டியோட்டி குரோகி தொட்டியின் பாதியைத் தோளில் சுமந்து நுழைந்தான். மறுபாதியோடு உதவிக்காரப் பெண் பின்னால் வந்தாள்.

"ரெண்டு வாரத்து அழுக்கு. இன்னிக்குக் குழாய் அடைச்சுக்கப் போவுது தாத்தா" என்றான் குரோகி.

"முதல்ல உன் வாயைக் கழுவுடா."

நர்ஸ் எகாவா வெப்பமானியோடு வருவதற்குள் அவர் பாட்டிலைப் போர்வைக்குள் நழுவவிட்டார். அவள் இடது கக்கத்தில் வைத்து எடுத்தாள். அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"முப்பத்துநாலு. தாத்தா, நீங்க செத்து எவ்வளவு நேரமாச்சு?"

குரோகி சிரித்துவிட்டான். அவள் போர்வையை விலக்கினாள். பாட்டில் உருண்டது. வலது கக்கத்தில் வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"காய்ச்சலோட சுரங்கத்துல இறங்கி எட்டு மணி நேரம் வெட்டியிருக்கேன் நர்ஸம்மா. வெந்நீர் என்னை என்ன பண்ணிடும்?"

"தொட்டியில மயக்கம் போட்டா நான்தான் பதில் சொல்லணும். முடியாது. துடைச்சு விடறோம்."

"அடுத்த செவ்வாய்?"

"அன்னிக்கு லீவு, தாத்தா."

இன்னும் பொருத்தாத தொட்டி, வந்தபடியே இரண்டு பாதியாக வெளியே போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குரோகி திரும்பி வந்து வெந்நீரில் துண்டைப் பிழிந்தபோது, "முதுகை மட்டும் அழுத்தித் தேய்டா" என்றார்.

சுரங்கத்துக் குளியலறையில் வரிசையாக உட்காருவார்கள். முன்னால் இருப்பவன் முதுகை ஒவ்வொருவனும் தேய்ப்பான். யார் முதுகு என்று கேட்பதில்லை. சண்டைக்காரன் முதுகாக இருந்தாலும் கரி போகும்வரை கை நிற்காது.

அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்தார்கள். "தோல் உரிஞ்சிடும், பார்த்து" என்றாள் எகாவா. குரோகி துண்டை உள்ளங்கையோடு வைத்து அழுத்தினான். சூடு முதுகெலும்பு வழியாக இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்குள் நீலமாகத் தங்கிப்போன தழும்பில் வந்து கை நின்றது.

"அங்கே அழுக்கு இருக்கு, தேய்."

"இது கரி, போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு அழுக்கு. தேய்டா."

குரோகி எகாவாவைப் பார்த்தான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவன் தேய்த்தான். துண்டு ஆறியதும் மறுபடி நனைத்துப் பிழிந்து அதே இடத்தில் தேய்த்தான். மூன்றாவது முறை வாளியை நோக்கிக் குனிந்தபோது, "குரோகி, அடுத்த வீடு" என்றாள் அவள்.

சட்டை மாட்டி, நேராகப் படுக்கவைத்து, மருத்துவருக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி கிளம்பி, முனையில் திரும்பி, சத்தம் ஓய்ந்தது. முதுகு மறுபடி படுக்கையோடு ஒட்டிக்கொண்டது.

தொண்டை வறண்டது. பக்கத்தில் கிடந்த பாட்டிலைத் துழாவி எடுத்துத் திறந்து குடித்தார். தேநீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய சூடுதான்.