இரவல் சங்கிலி

நகரசபை உதவிப்பணம் தருவதற்கு முன் ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கும் என்று தெரிந்த நாளிலிருந்து வாசலில் காலடி கேட்டாலே எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாவில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. பார்ப்பதற்கு ஈரம் ஊறிய சுவரும் ஒரு கட்டிலும்தான் இருந்தன. பயமோ மாளிகையை ஒளித்து வைத்திருப்பவளின் பயம்.

என் கணவர் பத்மநாதன் இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருவரின் வீட்டில் பல வருடங்கள் வேலை செய்தார். அந்த அம்மா கண்ணை மூடியதும் வேலை போனது. இனி ஒருவரிடமும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று சொந்தத் தொழில் பதிந்தார். மாடிக் கட்டிடங்களின் படிகளைக் கழுவும் தொழில். என் தாலிக்கொடியை அடைவு வைத்துப் பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றும் வாளிகளும் வாங்கினார். பலெர்மோ முழுவதும் அழுக்குப் படிகளோடு தனக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தார் மனிதர். கிடைத்தவை இரண்டே கட்டிடங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு லீராவும் மிஞ்சவில்லை. வீட்டுக்காரர் மாத முடிவு வரை தவணை தந்திருந்தார். உதவி வந்தால் வீடு, வராவிட்டால் தெரு.

இதற்குள் இன்னொரு கரைச்சல். நகரசபைக்கு நாங்கள் இல்லாதவர்கள் என்று காட்ட வேண்டும். இங்கே தங்கியிருப்பதற்கான பெர்மெஸோ அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், போலீஸ் கந்தோருக்கு நாங்கள் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று காட்ட வேண்டும். இரண்டும் உண்மைதான். ஆனாலும் வாயைத் திறந்தால் எது எங்கே போய் இடிக்குமோ என்று நடுங்கினேன்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடக் கதைக்காதை,” என்று ஆள் வரவேண்டிய அன்று காலை சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு இத்தாலியன் அரைகுறை. மொழிபெயர்க்க மேல்மாடி சந்திரமதி அக்கா வந்தார். அவருடைய கணவர் இராஜநாயகம் அண்ணன் நகர ஓரத்துச் சியாகுல்லி தோட்டத்தில் பழம் ஆயும்போது ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானவர். அவர்களுக்கும் அதே உதவிப்பணம்தான் அடுப்பெரிக்கிறது. போன வருடம் அதை யாரும் வீட்டுக்கு வந்து பார்க்காமலே கொடுத்திருந்தார்கள்.

அக்கா வந்ததும் என் கழுத்தைப் பார்த்தார்.

“கிருசாந்தினி, என்ன இது, மஞ்சள் கயித்தோடை நிக்கிறாய்?”

“அதுதானே அக்கா இருக்கு.”

“கந்தோர் ஆள் வரேக்கை மூளியாய் நிக்கிறதே? பிச்சைக்காரர் மாதிரி நிண்டால் வாசலிலையே கதையை முடிச்சுப் போடுவினம். பொறு, வாறன்.”

மேலே போய்த் தன் பதக்கச் சங்கிலியையும் ஒரு சோடிக் காப்பையும் கொண்டுவந்து எனக்குப் போட்டுவிட்டார். நானும் கழுத்தை நீட்டினேன். ஊரில் கிராம அலுவலர் விதானையாரிடம் ஒரு கையெழுத்து வாங்கப் போனாலும் இருப்பதில் நல்லதை உடுத்து, இல்லாததை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர்கள் நாங்கள். இல்லை என்று சொல்லப் போகிறவள் இல்லாதவளாகவே நிற்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

வந்தவள் இளம்பெண். தேநீர் வேண்டாம் என்றாள். என் கணவருக்கு எத்தனை கட்டிடங்களில் வேலை, மாதம் என்ன வரும் என்று கேட்டாள். நான் சொன்னதை அக்கா சொல்ல, அவள் எழுதினாள். சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். அந்தச் சுளிப்பு எங்களுக்காக இரங்கித்தான் என்று தெரிந்தபோது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

பிறகு அவள் கண் என் கழுத்தில் நின்றது. ஏதோ கேட்டாள்.

அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

“அது ஆற்றை எண்டு கேக்கிறா,” என்றார் மெல்ல.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அக்காவினுடையது என்று சொன்னால் எனக்கு வீடு தங்கும். அக்காவின் உதவிப்பணமும் மேலே படுத்துக் கிடக்கிற மனிதரின் மருந்தும் நின்றுவிடும். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்களோ என்னவோ. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் பயந்தேன்.

“என்ரை எண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

அக்கா சொன்னார். அந்தப் பெண் கோபப்படவில்லை. இவ்வளவு தங்கம் உள்ள வீட்டுக்கு உதவி எழுத முடியாது, இதை விற்று வாடகையைக் கட்டலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அழுதாவது கேட்டிருப்பேன். வாசலில் நின்று அக்காவிடமும் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினாள்.

“என்னவாம், அக்கா?”

“இந்த முறை எல்லா வீட்டையும் பாக்கினமாம். என்ரை வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வாறாவாம்.”

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் கதவைச் சாத்தினேன். மாத முடிவில் கட்டிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, என் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனம் கிடந்து அடித்தது. சங்கிலியின் கொளுக்கியைத் தேடினேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“கழட்டாதை, பிள்ளை. செவ்வாய்க்கிழமை போகுமட்டும் உன்ரை கழுத்திலையே கிடக்கட்டும்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மிச்ச நகையளையும் இப்ப கொண்டுவந்து தாறன். உன்னட்டை இனி ஒருத்தரும் பாக்க வரமாட்டினம் தானே.”