கடைவாசலுக்கு ஒரு கூரை

எங்கள் கடைத்தெருவில் முடி வெட்டுபவர் தேன் ஒழுகப் பேசுவார். வழுக்கை விழுந்தவரிடமும், "பின்னால நல்ல அடர்த்திண்ணே" என்று சொல்லித்தான் துண்டை உதறுவார். பின்னந்தலையைக் காட்டும் சின்னக் கண்ணாடியை அப்படிப்பட்டவர்களுக்கு எடுக்கவே மாட்டார்.

அவரையே ஒருவர் கவிழ்த்துவிட்டார். கடைக்காரர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்ற பாத்திரக்கடைக்காரர், வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க கை பட்டாலே சுகமா தூக்கம் வருது. நான் ஜெயிச்சா முதல் வேலை உங்க வாசலுக்கு ஒரு கூரைதான்" என்றார். முடி வெட்டுபவருக்குத் தலைகால் புரியவில்லை. கூரைக்கு முன்பே வாசலில் பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

"நீங்க ஊருக்கெல்லாம் வைக்கிற ஐஸைத்தான் அவர் உங்களுக்கு வெச்சிருக்காரு" என்று மனைவி சிரித்தாள்.

"அவர் மனசாரச் சொன்னாருடி."

பாத்திரக்கடைக்காரர் ஜெயித்தார். கூரை வரவில்லை, கோடைதான் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தார்கள்.

ஒருநாள் தலைவர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். "உங்க கை மாதிரி வராதுங்க. கூரை விஷயம் என் மனசுலயேதான் இருக்கு" என்றார்.

முடி வெட்டுபவர் வேலையை முடித்தார். பிறகு சின்னக் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, தலைவரின் பின்னந்தலைக்கு நேராகப் பிடித்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல் பளபளத்தது.

தலைவர் பதறிப்போனார். "என்னங்க இது? அடர்த்தியா இருக்குன்னுதானே எப்பவும் சொல்லுவீங்க?"

"ஆமாண்ணே. நீங்க போட்டுக் குடுத்த கூரை அளவுக்கு அடர்த்தி."